அரசு டிப்போ தேக்கு: மரத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு, வசதிக்கு ரெண்டு

அவசரக்காரங்களுக்கு மொதல்லயே மார்க்க போட்டுடறேன். கேரள வனத்துறையோட மர டிப்போல, அதாவது வெட்டின மரத்த அடுக்கி வெச்சு விக்கற அரசு கிடங்குல, வீட்டுக்கு தேக்கு எடுத்தோம். மரத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு, அளவுக்கும் ரசீதுக்கும் நாலரை, வசதிக்கு ரெண்டு, அதுவும் மனசு எளகி போட்ட ரெண்டு. இவங்க காட்ட காப்பாத்திக்கிட்டே தான் மரம் எடுக்கறாங்களான்னு கேட்டா அதுக்கு மூணரை குடுப்பேன், மிச்ச ஒன்றரை எங்க போச்சுன்னு கீழ வருது. எந்த டிப்போன்னு பேர் போடல. எல்லா டிப்போவும் ஒரே ரூல்ல தான் ஓடுது, ஆள் மாறினா முகம் மாறும், ரூல் மாறாது.

நாங்க இருக்கறது பாலக்காடு ஜில்லாவுல சித்தூர் பக்கம். வீட்ல தமிழ், பஞ்சாயத்து ஆபீஸ்ல மலையாளம், துணிமணிக்கு பொள்ளாச்சி, அப்படி ஒரு ஏரியா. அஸ்திவாரம் முடிஞ்சதுல இருந்து நிலை வைக்க மரம் எங்கன்னு ஆசாரி கேட்டுட்டே இருந்தாரு. மொதல்ல போனது ஒரு பெரிய மரக்கடை, பேரு வேணாம். ஏசி ரூமு, டீ, பாலிஷ் அடிச்ச சாம்பிள் பலகை, "பக்கா நிலம்பூருங்க, அறுபது வருஷ மரம்"னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணாத குறை. நிலம்பூர்னா கேரளால தேக்குக்கு பேர் போன ஊரு. எங்க ஆசாரி ஒண்ணும் பேசல, அந்த பலகைய வாங்கி வெட்டு முனைய மட்டும் வெளிச்சத்துல திருப்பி பாத்தாரு. வளையம் ஒவ்வொண்ணும் விரல் அகலத்துக்கு தள்ளி தள்ளி இருந்துச்சு. வெளிய வந்தப்புறம் தான் சொன்னாரு, "இது வேகமா வளத்த மரம் தம்பி, கப்பல் சரக்கு, அறுபது வருஷம்னா கோடு நெருக்கமா இருக்கணும்"னு. பில்லுல நிலம்பூர்னு எழுதி தருவீங்களான்னு கடைக்காரர்கிட்ட கேட்டதுக்கு, தேக்குன்னு மட்டும் தான் போட முடியும், சிஸ்டம்ல அப்படித்தான் இருக்குன்னாரு. அந்த சிஸ்டத்த இங்க எல்லா ஊர்லயும் பாக்கலாம்.

கப்பல் சரக்கு கெட்ட மரம்னு நான் சொல்ல வரல. கானா, நைஜீரியா, ஈக்வடார், பனாமா, கோஸ்டா ரிக்கா, பிரேசில்னு எங்கெங்கயோ இருந்து தேக்கு நம்ம நாட்டுக்கு வருது, தூத்துக்குடில எறங்கறதே நெறைய. பர்மா தேக்குன்னு நம்ம தாத்தா காலத்துல ஒரு பேரு இருந்துச்சுல்ல, அது உருட்டு மரமா வெளிநாட்டுக்கு போறதையே அந்த நாட்டு அரசு 2014 ஏப்ரல்ல நிறுத்திடுச்சு. அதனால இன்னிக்கு ஒருத்தர் உருட்டு மரத்த காட்டி பர்மான்னு சொன்னா ரெண்டு கேள்வி கூட கேளுங்க. எனக்கு பிரச்சனை மரத்துல இல்ல, பேர மாத்தி விக்கறதுல தான். பாதி வயசு மரத்துக்கு முழு வயசு காசு குடுக்க எதுக்குங்க.

அங்க தான் டிப்போவோட மொத அருமை. அங்க கெடக்கற ஒவ்வொரு மரத்துக்கும் ஜாதகம் இருக்கு. முனைல வனத்துறை சுத்தியல் முத்திரை, பெயின்ட்ல நம்பர், நீளம், சுத்தளவு, எல்லாம் மரத்து மேலயே. ரிஜிஸ்டர பாத்தா எந்த தோட்டத்துல இருந்து வந்துச்சுன்னு தெரியும், தோட்டத்துக்கு பேரே நட்ட வருஷத்த வெச்சு தான். இந்த பழக்கம் இன்னிக்கு நேத்து வந்ததில்ல. நிலம்பூர்ல 1840கள்ல மலபார் கலெக்டரா இருந்த கனோலி தேக்குத் தோட்டம் போட முடிவு பண்ணாரு, நாத்து முளைக்க வெச்சு நட்டு எடுத்து காட்டினது சாத்து மேனன்னு ஒரு உள்ளூர் அதிகாரி. தேக்கு வெதை லேசுல முளைக்காது, அத முளைக்க வெச்ச மனுஷன் அவருதான், ஆனா தோட்டத்துக்கு பேரு கனோலி பிளாட், என்னத்த சொல்ல. உலகத்துலயே இன்னும் நிக்கற ரொம்ப பழைய தேக்குத் தோட்டம் அதுதான்னு சொல்றாங்க, அதுல மிச்சம் இருக்கறது ரெண்டரை ஹெக்டேர் கூட இல்ல. அத வெட்டறதில்ல, சும்மா பாக்க மட்டும். நிலம்பூர் தேக்குக்கு இப்ப புவிசார் குறியீடும் இருக்கு.

சரி, வெட்டற மரம் எங்க இருந்து வருது? இத கேக்காம டிப்போவ ரிவியூ பண்றது வேஸ்ட்டு. இயற்கைக் காட்டுல போய் மரம் வெட்டி விக்கற வேலைய கேரளா 80கள்லயே விட்டாச்சு. இப்ப வர்றது எல்லாம் வனத்துறையே நட்டு வளத்த தோட்டத்து மரம், கூடவே காத்துல விழுந்தது, காஞ்சது, ரோட்டுக்கும் அணைக்கும் எடுத்தது. தோட்டம் போடறப்ப ரெண்டு மீட்டருக்கு ரெண்டு மீட்டர் இடைவெளில நட்டா ஒரு ஹெக்டேருக்கு 2500 கன்னு. அத்தன கன்னும் பெருசாகாது, ஆகவும் விடக்கூடாது. மொத பத்து வருஷத்துக்குள்ளயே வரிசை விட்டு வரிசையா ஒரு தடவ ரெண்டு தடவ களைச்சு எடுப்பாங்க, அப்புறம் நோஞ்சான், கோணல், அமுங்கி போனது இதெல்லாம் பாத்து பாத்து சில வருஷத்துக்கு ஒருக்கா எடுப்பாங்க, நல்லா நிமிந்து நிக்கறத மட்டும் விட்டுட்டு கடைசியா அம்பது அறுபது வருஷத்துல மொத்தமா வெட்டி திரும்ப நடறது. இதுல வாங்கறவங்களுக்கு ஒரு விஷயம் இருக்கு. களைச்சு எடுத்த மரமும் அதே டிப்போவுக்கு தான் வரும். அதனால டிப்போ மரம்னாலே அறுபது வருஷம்னு கண்ண மூடிட்டு எடுத்தா ஏமாந்தது நீங்க தான், டிப்போ உங்கள ஏமாத்தல, ரிஜிஸ்டர்ல எழுதி தான் வெச்சிருக்காங்க.

எவ்வளவு வெட்டலாம்னு டிப்போ முடிவு பண்றதில்ல, ரேஞ்சரும் முடிவு பண்றதில்ல, மந்திரியே நெனச்சாலும் முடியாது. ஒவ்வொரு டிவிஷனுக்கும் பத்து வருஷத்துக்கு ஒரு வேலைத் திட்டம் எழுதணும், மத்திய அரசு அத ஓகே பண்ணணும், அதுல இருக்கற தோட்டத்த அதுல இருக்கற வருஷத்துல தான் வெட்ட முடியும். 1996 டிசம்பர் 12ல கோதவர்மன் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் போட்ட ஆர்டருக்கு அப்புறம் இது இறுகிப் போச்சு, அந்த திட்டம் இல்லாம நாட்டுல எந்த காட்லயும் வெட்டக்கூடாதுன்னு. அந்த கேஸ் போட்டவரே நிலம்பூர் கோவிலகத்துக்காரர், அதாவது பழைய ராஜ குடும்பத்து ஆளு. தன் குடும்பம் ஒரு காலத்துல பாத்துக்கிட்ட காடு கூடலூர் பக்கம் அழியறத பாத்துட்டு கோர்ட்டுக்கு போனவரு. டிப்போல போய் "சார், இன்னும் ரெண்டு மரம் இருந்தா தேவலை"ன்னா கைய விரிக்கறாங்கல்ல, அதுக்கு காரணம் சோம்பேறித்தனம் இல்லைங்க, வேற மரம் வெட்டவே இல்ல, அவ்வளவு தான். மரக்கடைல ஸ்டாக் இல்லன்னா அடுத்த வாரம் லாரி வரும். இங்க காடு குடுத்தா தான் உண்டு.

இப்ப வாங்கற கதைக்கு வரேன். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு சில்லறை விற்பனை, சொந்த வீடு கட்டறவங்களுக்கு மட்டும். சில டிப்போல கொஞ்சம் மரத்த தனியா ஒதுக்கி ரேட்ட நிர்ணயம் பண்ணி வெச்சிருப்பாங்க, ஏலத்துல சண்ட போட வேண்டாம். வீடு கட்ட பஞ்சாயத்து குடுத்த பெர்மிட், அப்ரூவ் ஆன பிளான், பான் கார்டு, அடையாள அட்டை, எல்லாத்துக்கும் காப்பி, இத்தனையும் கொண்டு போகணும். ஒரு வீட்டுக்கு 5 கியூபிக் மீட்டர் வரைக்கும், அதாவது 176 கன அடி சொச்சம். சாதாரண வீட்டுக்கு அது தாராளம், எங்களுக்கு அதுல பாதி கூட தேவைப்படல. எப்ப ஆரம்பிக்குதுன்னு பேப்பர்ல ஒரு மூலைல சின்னதா போடுவாங்க, ரெண்டு பி, ரெண்டு சி, மூணு பி, மூணு சி தேக்கு இந்த தேதில இருந்துன்னு (இந்த நம்பரும் எழுத்தும் என்னன்னு கீழ வருது). மொத ஆளா போய் நிக்கறவனுக்கு தான் நல்ல மரம். மலையாளம் படிக்க தெரியாத நம்மாளுங்க நெறைய பேரு இத பத்தி கேள்விப்பட்டதே இல்ல. எங்க பக்கத்து வீட்டு அண்ணா மூணு வருஷம் முன்னாடி வீடு கட்டினவரு, இப்படி ஒண்ணு இருக்கான்னு என்கிட்ட கேக்கறாரு.

ரெண்டாவது வழி இ-ஏலம், எம்எஸ்டிசிங்கற மத்திய அரசு கம்பெனியோட ஏல சைட்ல. ரிஜிஸ்டர் பண்ணி முன்பணம் கட்டி யாரு வேணா எடுக்கலாம், தமிழ்நாட்டுல இருந்தும் வியாபாரிங்க நெறைய எடுக்கறாங்க. ஆனா அதுல லாட் லாட்டா தான் எடுக்கணும், ஒரு லாட்டுல நாலு நல்ல மரம் இருந்தா கூடவே நமக்கு ஒதவாத ஒண்ணு ரெண்டும் கட்டாயம் ஒட்டிக்கிட்டு வரும். அறுவை மில்லு வெச்சிருக்கறவனுக்கு அது ஓகே. வீடு கட்டறவன் அதுல எறங்கினா மிச்ச மரத்த வெச்சு இன்னொரு வீடு தான் கட்டணும். நாங்க சில்லறைலயே எடுத்தோம்.

மரம் பாக்கறது எப்படின்னு கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா டிப்போல யாரும் பக்கத்துல நின்னு வெளக்க மாட்டாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுங்கறது சுத்தளவு வெச்சு, பெருத்தது ஒண்ணாம் கிளாஸ். ஏ, பி, சிங்கறது தரம், அதாவது நேரா இருக்கா, கணு எத்தன, பொந்து உண்டா, வெடிப்பு உண்டான்னு. ஆசாரி கூட வராம போகவே போகாதீங்க. எங்க ஆசாரி ஒரு பாட்டில்ல தண்ணி கொண்டு வந்திருந்தாரு, நான் குடிக்கன்னு நெனச்சேன், அவரு வெட்டு முனைல ஊத்தி கையால தேச்சாரு. வெயில்ல கெடந்து சாம்பல் பூத்த மரம், தண்ணி பட்டதும் உள்ள வைரம், அதாவது நடுவுல இருக்கற கெட்டி மரம், தேன் கலர்ல எந்திரிச்சு வந்துச்சு, அத சுத்தி இருக்கற வெளி மரமான வெள்ளை ஒரு விரக்கடை தான். அதே சுத்தளவுல பக்கத்துல கெடந்த இன்னொண்ணுக்கு ஊத்தினா வெள்ளையே மூணு விரல். ரெண்டும் ஒரே கிளாஸ், ஒரே ரேட்டு. வெள்ளைய கரையான் திங்கும், அத கழிச்சுட்டு பாத்தா மொத மரத்துல கெடைக்கற வைரம் எவ்வளவோ ஜாஸ்தி. அப்புறம் அடிமரத்துல பள்ளம் பள்ளமா வாரி ஓடியிருக்கும் சிலதுல, அந்த பள்ளம் எல்லாம் அறுக்கறப்ப தூளா தான் போகும். மேல நரம்பு மாதிரி தெரியற வெடிப்பு பரவால்ல, நடுமையத்துல இருந்து நட்சத்திரமா கெளம்பற வெடிப்பு ஆகாது.

நீளமும் முக்கியம், இத யாரும் சொல்றதில்ல. தலைவாசல் நிலைக்கு ரெண்டு கால் 7 அடி, மேலயும் கீழயும் 4 அடி, 5க்கு 4 இஞ்ச் சட்டம், எல்லாம் சேத்து 22 அடி, 3 கன அடிக்கு ஒரு பொட்டு மேல. 3 மீட்டர் மரம் எடுத்தா 7 அடி போக மிச்சம் 3 அடி கூட வராது, அது துண்டு தான். 3.40 மீட்டர் எடுத்தீங்கன்னா 11 அடி, 7ம் 4ம் கச்சிதமா வெட்டிக்கலாம். 

இப்ப அளவு. அரசு கணக்கு கால் சுத்தளவு கணக்கு. சுத்தளவ நாலால வகுத்து, அத அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கறது. 120 செமீ சுத்தளவு, 3.40 மீட்டர் நீளம்னா 0.30 பெருக்கல் 0.30 பெருக்கல் 3.40, 0.306 கியூபிக் மீட்டர், 10.8 கன அடி. ஆனா உருண்டையா கணக்கு போட்டா அதே மரம் 13.8 கன அடி வரும். அதாவது நூறுக்கு எழுபத்தெட்டரைக்கு தான் உங்ககிட்ட காசு வாங்கறாங்க, மிச்சம் அறுக்கறப்ப போற மேல்பத்தைக்கு விட்டுக் குடுத்தது. நான் டேப்ப எடுத்துட்டு போய் ஒவ்வொண்ணா அளந்து பாத்தேன், மரத்து மேல எழுதியிருக்கற அளவும் என் அளவும் ஒத்துப் போச்சு, ஒரு செமீ கூட அவங்க பக்கம் இழுக்கல. பில்லுலயும் அதே நம்பர். அளவுக்கு நாலரை குடுத்தது இதுக்கு தான். அரை மார்க்க ஏன் புடிச்சேன்னா, கணக்கு எப்படி போடறாங்கன்னு ஒரு போர்டு கூட அங்க இல்ல, தெரியாதவன் பில்ல பாத்து முழிக்கணும்.

தனியார் மரக்கடைல அறுத்த சைஸ் மரத்து ரேட்டு, இங்க உருட்டு மரத்து ரேட்டு, ரெண்டையும் நேரா ஒப்பிடாதீங்க. உருட்டுல பாதிக்கு கொஞ்சம் மேல தான் நல்ல சட்டமா கைக்கு வரும், அப்புறம் அறுவைக் கூலி, வண்டி. அதோட எழுதியிருக்கற ரேட்டு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, வன வளர்ச்சி வரி, டிசிஎஸ் (விக்கறப்பவே நம்மகிட்ட புடிக்கற வருமான வரி)னு வரிசையா வந்து ஏறும், கடைசி தொகைய பாத்தா நெஞ்சு கொஞ்சம் அடச்சுக்கும். எல்லாத்தையும் கூட்டி கழிச்சு பாத்தா எங்களுக்கு கடை ரேட்டுக்கு பக்கத்துல தான் வந்துச்சு. மலிவுன்னு நெனச்சு யாரும் போகாதீங்க. அதே காசுக்கு வயசும் ஊரும் தெரிஞ்ச மரம், அது தான் லாபம்.

வசதிக்கு ஏன் ரெண்டு? பேப்பர ஒரு எடத்துல காட்டணும், மரத்த இன்னொரு எடத்துல பாக்கணும், காச ஆன்லைன்ல ட்ரெஷரிக்கு கட்டணும், அது ஏறினத அவங்க பாக்கணும், அப்புறம் தான் மரத்த வெளிய கொண்டு போக பாஸ் எழுதுவாங்க. ஒரே நாள்ல எல்லாம் முடியும்னு லாரிய கையோட கூட்டிட்டு போனா வாடகை தான் தண்டம். கார்டு வாங்கற மெஷின் இல்ல, நமக்கு புடிச்ச மரத்த நாளைக்கு வரைக்கும் எடுத்து வைங்கன்னா வைக்க மாட்டாங்க, அதே எடத்துல அறுத்து தர மில்லும் இல்ல. காசு கட்டினப்புறம் குறிச்ச நாளுக்குள்ள எடுக்கலன்னா எடவாடகை வேற. இதுல ஆளுங்க மேல எனக்கு குறை கிடையாது, இருந்த பாரஸ்டர் சார் பொறுமையா தான் பதில் சொன்னாரு, ஒரு மரத்துல உள்ள பொந்து இருக்கலாம்னு அவரே சொல்லி வேற மரத்த காட்டினாரு. எந்த கடைக்காரர் அப்படி சொல்லுவாரு?

லோடிங் பத்தி ஒரு வார்த்தை. கேரளால 1978 சட்டப்படி சுமட்டுத் தொழிலாளிங்களுக்கு, அதாவது சுமை தூக்கறவங்களுக்கு, உரிமை இருக்கு, மரம் ஏத்தறதுக்கு ரேட்டும் இருக்கு. மரத்துக்கு கீழ கழி குடுத்து, குரல் குடுத்து, ஒரு டன்னுக்கு பக்கத்துல இருக்கற மரத்த அவங்க வண்டில உருட்டி ஏத்தறத பாத்தா குடுக்கற காசு தகும்னு தோணும். ஆனா வேலையே செய்யாம நோக்குகூலி கேக்கறது 2018 மே 1ல இருந்து தடை, அது தெரிஞ்சு வெச்சுக்கோங்க. எங்களுக்கு பிரச்சனை வந்தது டிப்போல இல்ல, வீட்டுக்கிட்ட எறக்கறப்ப. ரெண்டு பேரு வந்து நின்னாங்க, நாங்க எறக்கி முடிச்சுட்டோம், பாத்ததுக்கு காசு கேட்டாங்க. போலீஸ் நம்பர எடுக்கவும் போயிட்டாங்க.

அறுத்தப்புறம் தான் மரம் பேசுச்சு. வாசல் நிலைக்கு எடுத்த மரத்துல கோடு பொடிசு பொடிசா நெருக்கமா ஓடுது, எண்ணெய் வாசம் மில்லு முழுக்க. மில்லுக்காரர், எங்களுக்கு முன்பின் தெரியாதவரு, அவரே ஆள கூப்பிட்டு காட்டினாரு. சட்டத்த நடுவுல ரீப்பர் வெச்சு அடுக்கி நெழல்ல காய விட்டோம், முனைக்கு பெயின்ட் அடிச்சோம், மழைக்காலம் முழுக்க போட்டும் ஒண்ணு கூட முறுக்கல. இதுக்கு தான் அஞ்சுக்கு அஞ்சு.

இப்ப அந்த ஒன்றரை மார்க்கு. நெலைச்சு நிக்கற வனம்னு வனத்துறை சொல்றப்ப நான் முழுசா தலையாட்ட மாட்டேன். தேக்குத் தோட்டம் காடு இல்ல. ஒரே சாதி மரம், ஒரே வயசு, கோடைல எல உதிந்து மொட்டையா நிக்கும், கீழ யானைக்கும் மானுக்கும் திங்க பெருசா ஒண்ணும் இருக்காது. ஒரே சாதியா நட்டா புழுவுக்கு கொண்டாட்டம், மொத மழைக்கு தளுத்த எலைய எல்லாம் தேக்குப் புழு வந்து நரம்பு மட்டும் விட்டுட்டு தின்னுட்டு போகும். திருச்சூர் பக்கம் பீச்சிங்கற ஊர்ல இருக்கற கேரள வன ஆராய்ச்சி நிலையம் நிலம்பூர்ல எளந்தோட்டத்துல பாத்த ஆய்வுல, வளர வேண்டிய அளவுல 44 சதவீதம் இந்த புழுவாலயே போகுதுன்னு வந்துச்சு. கிட்டத்தட்ட பாதி மரம் புழு வயித்துக்குள்ள. அதுக்கு வைரஸ் மருந்து வரைக்கும் கண்டுபுடிச்சாங்க.

அதே நேரத்துல எதிர்ப்பக்கமும் பாருங்க. வயநாட்ல மானந்தவாடி பக்கம் ஒண்டயங்காடில பழைய தேக்குத் தோட்டத்த திட்டப்படி வெட்டி திரும்ப நட போனப்ப ஊர்க்காரங்களே மறிச்சாங்க, தேக்குக்கு நடுவுல வேற மரமெல்லாம் தானா மொளச்சு அது காடாவே மாறிப்போச்சு, இத வெட்டாதீங்கன்னு. திட்டத்துல அது தோட்டம், கண்ணுக்கு அது காடு. நான் அந்த ஊர்க்காரங்க பக்கம். 2021ல யூகலிப்டஸ், அக்கேசியா, வாட்டில் இதெல்லாம் படிப்படியா எடுத்துட்டு இயற்கைக் காடா மாத்தறோம்னு கேரள அரசு ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு, சந்தோஷம், ஆனா 2024ல வன வளர்ச்சிக் கழகத்துக்கு யூகலிப்டஸ் நட அனுமதி குடுக்க போய் சத்தம் கெளம்பினதும் ஆர்டர திருத்தினாங்க. வலது கைக்கு தெரியாம இடது கை எழுதின மாதிரி. ஒன்றரை மார்க்கு அங்க தான் போச்சு. அதுக்காக தோட்டத்தையே மூடுன்னு சொல்ல மாட்டேன், இங்க தோட்டத்து மரம் இல்லன்னா அந்த தேவை போய் எந்த நாட்டு காட்டு தலைல விழும்னு தெரியாது, அந்த காட்டுக்கு ரிஜிஸ்டரும் சுத்தியல் முத்திரையும் இருக்காது.

தமிழ்நாட்டு பக்கம் இருக்கறவங்க கேப்பீங்க, நமக்கு இப்படி இல்லயான்னு. தேக்கு வளத்த சரித்திரம் நம்மகிட்டயும் இருக்கு, டாப்ஸ்லிப்ல சுத்தற எல்லாரும் பாக்கற அந்த தேக்கெல்லாம் ஹ்யூகோ வுட்னு ஒரு வன அதிகாரி வெட்டின கட்டைல இருந்து திரும்ப தழைக்க விட்டு வளத்தது, அவரு சமாதியும் அங்கயே தான். ஆனா அது இப்ப புலிகள் காப்பகம், அங்க இருந்து வீட்டுக்கு கதவு வராது. திருச்சில தலைமை ஆபீஸ் இருக்கற தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம், 1974ல ஆரம்பிச்சது, முக்கியமா யூகலிப்டஸ், முந்திரின்னு போகுது, யூகலிப்டஸ் காகித ஆலைக்கு போற சரக்கு. சந்தனத்துக்கு திருப்பத்தூர், சேலம், சத்தியமங்கலம் கிடங்கு இருக்கு, அது வேற உலகம். தேக்கு தான் வேணும்னா கேரளா இ-ஏலத்துல எடுக்கற நம்பிக்கையான மில்லுக்காரர புடிச்சு, டிப்போ பில்ல கண்ணால பாத்துட்டு அவருகிட்ட வாங்கறது ஒரு வழி.

கடைசியா பாஸ். டிப்போல மரத்த ஏத்தறப்ப ஒரு பாஸ் தருவாங்க, மர நம்பர், அளவு, வண்டி நம்பர், எங்க இருந்து எங்க, எந்த நேரம் வரைக்கும் செல்லும்னு எல்லாம் இருக்கும். வண்டி நம்பர் மாறினா பாஸ் செல்லாது, அதனால வர்ற லாரி நம்பர முந்தின நாளே உறுதி பண்ணிக்கோங்க. மில்லுலயும் அத கேப்பாங்க, இல்லாம அறுக்க மாட்டாங்க, அறுக்கறேன்னு சொல்ற மில்லுக்கு போகாதீங்க. எங்களுக்கு பொள்ளாச்சில தெரிஞ்ச மில்லு இருந்துச்சு, இருந்தாலும் பார்டர் தாண்டறதுக்கு தனி பேப்பர் வேலைன்னு பாலக்காடு பக்கமே அறுத்தோம். பில்லையும் பாஸையும் ஜெராக்ஸ் எடுத்து வீட்டு பத்திரத்தோட வெச்சுக்கோங்க, அந்த இங்க் மங்கிடும்.